பதினாறு செடி என்று சொன்னவனுக்கு

மகனுக்கு,

வழக்கமாக இந்த இடத்தில் 'அன்புள்ள' என்று எழுதுவேன். இன்று காலை ஊரணியைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பதால் அந்தச் சொல் பேனாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வரும்போது வரட்டும். இன்றைக்குப் பத்தாம் நாள் உனக்குக் கல்யாணம். மாலையும் கழுத்துமாக உட்காரப் போகிற பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதம் என்றால், பெண்டாட்டியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாமனார் வீட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று நாலு நல்ல வார்த்தை இருக்க வேண்டும். ஒன்றை இரண்டால் பெருக்கத் தெரியாதவனுக்கு அந்த நல்ல வார்த்தையெல்லாம் எதற்கு? அதனால் எனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். ப்ளஸ் ஒன் கணக்கு. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். வாட்ஸப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரல் வருகிறது. தாளில் எழுதினால் அந்தக் கட்டைவிரலை எங்கே ஒட்டுவாய் என்று பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ மறப்பதில் கெட்டிக்காரன். ஆவணியில் உனக்கும் கயல்விழிக்கும் நிச்சயம் முடிந்த மறுநாள், கல்யாணத்துக்கு முந்தின போட்டோ எடுக்க வேண்டும் என்று அரிமளம் ரோட்டில் இத்தனை தோப்பும் வயலும் இருக்க, ஊர் குடிக்கிற ஊரணிதான் வேண்டும் என்று நின்றாய். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரியும். குடிக்கவும் உலை வைக்கவும் ஊரணிதான். அதனால் செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு, கடைசிப் படியில் குனிந்து குடத்தை முக்கி எடுப்போமே தவிர, அந்தத் தண்ணீரில் இந்த ஊரில் யாரும் கால் வைப்பதில்லை. உன் அப்பா வைத்ததில்லை, நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வைத்ததில்லை. அதைக் காப்பதற்கென்றே வள்ளிக்கண்ணு இருக்கிறாள். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு இவ்வளவு என்று நெல் கொடுத்து ஊர் வைத்திருக்கிற ஊரணிக் காவல். படியில் கால் கழுவுகிறவனைக் கண்டால் அவன் ஏழு தலைமுறையையும் கரைக்கு இழுத்து வந்துவிடுவாள். அவள் அன்று உன்னிடம் என்ன சொன்னாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

"டீச்சரம்மா மகன்ங்கிறதால விடுறேன் தம்பி. தண்ணியில கால் பட்டுச்சு, அப்பறம் மாப்புள்ளைன்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"கால் படாதுக்கா. சும்மா படியில ஒக்காந்து ரெண்டு போட்டோ, அவ்வளவுதான்," என்றாய்.

கால் படவில்லை. அந்த மட்டில் நீ சத்தியவான். புதுக்கோட்டையிலிருந்து வந்த உன் போட்டோக்காரன், வருகிற வழியில் ஒரு சாக்கடை ஓடையில் மிதந்த ஆகாயத்தாமரையை ஒரு கோணிச் சாக்கு நிறையப் பிடுங்கி வந்திருந்தான். ஊதாப் பூ அழகாக இருக்கிறதாம். குடத்தோடு யாரும் வராத உச்சி வெயில் நேரத்தில் செடிகளை நூலில் கோத்து, நீங்கள் உட்கார்ந்த படியைச் சுற்றி வளையமாக மிதக்கவிட்டான். ஊர் குடிக்கிற தண்ணீரில் சாக்கடைச் செடி. நீ பட்டு வேட்டியைத் தொடை வரை வழித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் கயல்விழிதான் போட்டோ முடிந்ததும், "எல்லாத்தையும் எடுத்துரணும், ஒண்ணுகூட விடக் கூடாது," என்று தானே படியில் குனிந்து எடுத்துப் போட்டாள். நடுவில் நூல் அறுந்து ஒரு செடி காற்றில் நழுவி ஊரணி மத்திக்குப் போய்விட்டது. கையும் எட்டவில்லை, துரட்டியும் எட்டவில்லை. "நாளைக்கு ஆள் விட்டு எடுத்துர்றேன்," என்று வள்ளிக்கண்ணுவிடம் சொன்னாய். அன்று பொழுது சாயும் முன்பே கயல்விழிக்குப் போன் போட்டு "எடுத்தாச்சு" என்று சொன்னாய். ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், குளித்து ஈரவேட்டியோடு ஓர் ஆளை இறங்கச் சொல்லியிருப்பார்கள். ஒரே ஒரு முங்கலில் முடிகிற வேலை. கேட்டால் சாக்கடைச் செடி போட்டதைச் சொல்ல வேண்டுமே, மாப்பிள்ளைக்கு வெட்கம்.

பத்து நாள் கழித்துப் பத்திரிகை அடிக்கிற வேலையாக வந்தாய். கரையில் நின்று செல்போனில் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாய். ஒன்று இரண்டாகியிருந்தது. சென்னைக்குப் போய் இறங்கியதும் எனக்கு ஒரு கிராஃப் அனுப்பினாய். கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற அதே வேலை, கலர் கலராக. கீழ் அச்சில் பத்துப் பத்து நாள், மேல் அச்சில் செடி. முதல் புள்ளி ஒன்று. இரண்டாம் புள்ளி இரண்டு. அந்த இரண்டையும் சேர்த்து, கல்யாண நாள் வரைக்கும் நீலத்தில் நீட்டமாக ஒரு கோடு. போனிலும் கூப்பிட்டுச் சிரித்தாய்.

"பாத்தியாம்மா, பத்து நாளைக்கு ஒரு செடிதான். கல்யாணத்தன்னிக்கு மொத்தம் பதினாறு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு ஊரணியே வாழ்த்துது."

"தம்பி, அது கூடுற செடி இல்ல, பெருகுற செடி. டூ பவர் எக்ஸ். ஒண்ணு ரெண்டாச்சுன்னா அடுத்தது மூணு இல்லடா, நாலு," என்றேன்.

"ஒனக்கு ரிட்டயர்மென்ட் ஆயிருச்சும்மா. இன்னும் கிளாஸ் எடுக்காத. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாது."

ஏட்டில் இருந்த சுரைக்காயையாவது நீ ஒழுங்காகப் பார்த்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டே புள்ளி வைத்தால் உலகத்தில் எதுவும் நேர்கோடுதான். ஆட்டுக்கல்லின் வளைவில் இரண்டு புள்ளி வைத்தாலும் நேர்கோடு போடலாம். அதற்காக அது அம்மிக்கல் ஆகிவிடுமா? மூன்றாவது புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகுதான் கோட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கி எழுந்த பிள்ளைகளுக்கும் தெரியும். நீ மூன்றாவது புள்ளிக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மத்தியில் நாலு செடி இருக்கும், உன் கோடு மூன்று என்று சொல்லும், பொய் அப்போதே தெரிந்துவிடும்.

நீ திருந்துவாய் என்று நான் எதிர்பார்த்ததும் என் மடத்தனம்தான். ப்ளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில் இதே கணக்கு உனக்கு வந்தது. இரண்டின் அடுக்கு எக்ஸ், மைனஸ் மூன்றிலிருந்து மூன்று வரை மதிப்புக் கண்டு வரைபடம் வரை. அளவுத்திட்டம் அழகாக எழுதியிருந்தாய். அச்சுகளுக்கு அம்புக்குறி, அட்டவணைக்குக் கட்டம், எல்லாம் ஸ்கேல் வைத்து. மைனஸ் மூன்றுக்கு நேராக மைனஸ் எட்டு என்று எழுதி வைத்திருந்தாய். வளைவு பூமிக்குள் புதைந்து கிடந்தது. அந்த விடைத்தாளுக்கு நானே மதிப்பெண் போட வேண்டியிருந்தது. கணக்குக்கு முட்டை போட்டேன். நீ உன் அப்பாவிடம் போய், "ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, அம்மா வேணும்னே போடல," என்று அழுதாய். அவரும் என்னிடம் வந்து, "அம்புக்குறிக்காச்சும் அரை மார்க் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்று வரை நீ அம்புக்குறிக்கு மார்க் வாங்கியே பிழைத்து வருகிறாய். ப்ளஸ் டூவில், இன்ஜினியரிங்கில், கம்பெனியில், எல்லா இடத்திலும் உனக்கு யாராவது ஸ்டெப்புக்கு மார்க் போட்டார்கள். ஊரணி போடவில்லை.

இப்போதாவது கேள். எக்ஸ் என்பது எத்தனை பத்து நாள் ஆயிற்று என்பது. எக்ஸுக்குப் பூச்சியம் போட்டால் இரண்டின் அடுக்குப் பூச்சியம், ஒன்று. அது நீ நழுவவிட்ட செடி. ஒன்று போட்டால் இரண்டு. இது வரைக்கும் உன் கோடும் என் வளைவும் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும். உன்னைப் போன்றவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். இரண்டு போட்டால் உனக்கு மூன்று, எனக்கு நாலு. ஐந்து போட்டால் உனக்கு ஆறு, எனக்கு முப்பத்திரண்டு. பத்து போட்டால் உனக்குப் பதினொன்று, எனக்கு ஆயிரத்து இருபத்துநாலு. கல்யாண நாள் பதினைந்து. உனக்குப் பதினாறு செடி, பெருவாழ்வு. எனக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு. நம் ஊரணி அரை ஏக்கர்கூட இல்லை. முப்பதாயிரம் செடி மிதந்தால் தண்ணீர் கண்ணில் படாது. செடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவுத்திட்டம் எடுத்தால் உன் பதினாறு ஒரு ஜாணுக்குள் அடங்கும். என் புள்ளியை வைக்க நம் வாசலிலிருந்து கிராஃப் தாளை விரித்துக்கொண்டே போய்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி பஸ் நிற்கிற இடம் வரை போக வேண்டும். இதை நான் புரட்டாசியிலேயே தாளில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

தீபாவளிக்கு வந்தாய். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். மத்தியில் ஒரு பாய் அகலத்துக்குச் செடி, முப்பதுக்குக் குறையாது. "லீவு முடியறதுக்குள்ள எறங்கிருவேம்மா," என்றாய். லீவுதான் முடிந்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்றாய், வரவில்லை. மார்கழியில் பூத்தது. ஊதாப் பூவாகப் பூத்ததும், தண்ணீருக்கு வந்த பெண்கள், "யார் விட்டதோ, தாமரை மாதிரி என்ன அழகா இருக்கு," என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டுக்கொண்டு நான் குடத்தோடு நின்றேன். ஊரிடம் அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நீ என்னைக் கேட்கலாம். மூன்று முறை எடுத்துவிடுகிறேன் என்றாய், மூன்று முறையும் நம்பினேன். கணக்கு டீச்சருக்குத் தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் கணக்கு வராது போலிருக்கிறது.

பொங்கலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் ஊர் பதறியது. அன்று ஊரணியில் மூன்றில் ஒரு பங்கு பச்சை. படி ஓரத்துத் தண்ணீரில் ஒரு வாடை. துரட்டி கட்டி இழுத்தார்கள், ஓரத்துச் செடிதான் வந்தது. யார் இறங்குவது, இறங்கலாமா, பிள்ளையாருக்கு என்ன செய்துவிட்டு இறங்குவது என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் வழக்கம்போல, யார் இதைக் கொண்டுவந்து போட்டது என்பதில் போய் நின்றது. போட்டவன் அப்போது நம் வீட்டுக் கூடத்தில் கல்யாணக் கோட்டு அளவு சரியாக இருக்கிறதா என்று கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தான்.

பழி யார் தலையில் விழும்? காவலுக்கு இருந்தவள் தலையில் விழுந்தது. "நெல்லு மட்டும் வாங்கத் தெரியுது, எவன் என்னத்தக் கொண்டாந்து கொட்டுறான்னு பாக்கத் தெரியலையா?" என்று கேட்டார்கள். குடித்துவிட்டுக் கரையில் தூங்கினாள் என்றுகூட ஒருவன் சொன்னான். அவள் குடித்து நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயிலில் ஊர் கூடி, வள்ளிக்கண்ணுவைக் காவலிலிருந்து எடுப்பதாகப் பேச்சு. காவலிலிருந்து எடுக்கப்பட்டவள் அந்தப் படியில் குடம் முக்கக்கூட மற்றவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நான் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னக்கே என் மொகத்தப் பாக்காம என் மகன் பேரைச் சொல்லிருக்கலாம்ல வள்ளி?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா, வேலைக்காகப் பழியத் தூக்கிக் கல்யாண மாப்புள்ளை மேல போடுறாம்பாங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும். நீங்க சொல்லுவீங்கன்னுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன் டீச்சர். எத்தன நாளைக்கு இருக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, சென்னைக்குத் திரும்பியிருந்த உன்னைப் போனில் கூப்பிட்டேன். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், உன் எழுத்தில் இல்லை என்று பிறகு மறுத்துவிடாதே.

"இப்பப் போயி இதக் கிளறாதம்மா. பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும். அந்தக்காவுக்கு வேணும்னா மெட்ராஸ்ல எதாச்சும் ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங்ல சேத்துவிடுறேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சோறு ஊட்டிய கை என்று நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. மைனஸ் எட்டு எழுதினாயே, அதைத் தெரியாமல் எழுதினாய். நேர்கோடு போட்டாயே, அதைச் சோம்பலில் போட்டாய். இதைத் தெரிந்தே சொன்னாய். ஒருத்தி பேரைக் கெடுத்துவிட்டு, அவளுக்குத் துடைப்பம் வாங்கிக் கொடுக்கிறேன் என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஊரணியையே மறைக்கப் பார்க்கிறவனை என் வயிற்றிலேயே சுமந்திருக்கிறேன். உன் அப்பா, "விடு, கல்யாண நேரத்துல பிள்ளைய வையாத," என்கிறார். அம்புக்குறிக்கு அரை மார்க் கேட்ட மனிதர், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்று ஞாயிறு. எக்ஸ் பதினாலு. காலையில் படியில் நின்று பார்த்தேன். சரியாகப் பாதி ஊரணி. பெரிய எண்ணெல்லாம் உனக்கு வேண்டாம், இன்றையே பூச்சியமாக வைத்துக்கொள்வோம். இன்று அரை. ஒரு பத்து நாள் பின்னால் போ, எக்ஸ் மைனஸ் ஒன்று, கால். மைனஸ் இரண்டு, அரைக்கால். மைனஸ் மூன்று, வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. பார்த்தாயா, நம் ஆட்கள் பாதி பாதியாகப் பேர் வைத்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். எதிலும் மைனஸ் எட்டு ஊரணி என்று ஒன்று வரவில்லை. இனி முன்னால் போ. எக்ஸ் ஒன்று என்றால் முழு ஊரணி, உன் கல்யாண நாள். எக்ஸ் இரண்டு போட்டால் இரண்டு ஊரணி என்று விடை வரும். நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஊரணி சும்மா இருக்கும் என்றும் நினைக்காதே. வெள்ளிக்கிழமை எக்ஸ் அரை. இரண்டின் அடுக்கு அரை என்றால் வர்க்கமூலம் இரண்டு, ஒன்று புள்ளி நாலு. பாதியை அதனால் பெருக்கிப் பார். வள்ளிக்கண்ணு ஊர் முன்னால் நிற்கிற காலையில் பத்தில் ஏழு பங்கு மூடியிருக்கும்.

இந்த வளைவைப் பற்றி வகுப்பில் கடைசியாக ஒன்று சொல்வேன். பின்னால் எத்தனை தூரம் போனாலும் அது அச்சைத் தொடாது. அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம் என்று தேய்ந்துகொண்டே போகுமே தவிர, ஒருநாளும் பூச்சியம் ஆகாது. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அட்டவணையை இன்னும் இன்னும் நீட்டச் சொல்வேன். ஒருவருக்கும் பூச்சியம் வந்ததில்லை. கணக்கில் அப்படித்தான். ஆனால் நம் ஊரணியில் பூச்சியமாக இருந்த நாள் ஒன்று உண்டு. நீ போட்டோ எடுக்க வந்ததற்கு முந்தின நாள்.

இனிக் கடிதத்தை ஏன் ஒட்டவில்லை என்று சொல்கிறேன். ஊர் முன்னால் வாசிக்க வேண்டி வரலாம் என்கிற தாளை ஒட்டி மறைக்க வேண்டியதில்லை. இதில் ஒரு பிரதி திறந்தபடியே உனக்கு. இன்னொன்று என் பையில். வெள்ளிக்கிழமை காலை ஊர் கூடியதும், வள்ளிக்கண்ணு பேரை யாரும் எடுக்கும் முன்பே நீ எழுந்து நின்று உன் வாயால் சொல்ல வேண்டும். நீ சொன்னால் இந்தத் தாள் பையிலேயே இருக்கும். நீ வராவிட்டால் எழுந்து நிற்பது நான். முதல் வரியிலிருந்து வாசிப்பேன். அம்புக்குறி உட்பட.

இதை ஊருக்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். இன்று காலை படியில் நின்று ஊரணியைப் படம் எடுத்துக் குடுமியான்மலைக்கு, கயல்விழிக்கு அனுப்பினேன். பிறகு போன் போட்டு, கிளறாதே என்று நீ சொன்னதைக் கேளாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு செடியைப் பற்றி, உன் நீலக் கோட்டைப் பற்றி, வள்ளிக்கண்ணுவைப் பற்றி. அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசவில்லை. பேச்சு அறுந்துவிட்டதோ, கூடவே இந்தச் சம்பந்தமும் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். எனக்கும் ஆசை இருக்காதா, உன் கல்யாணத்தைப் பார்க்க? பிறகு அவள் கேட்டாள்.

"எடுத்தாச்சுன்னு எங்கிட்ட சொன்னாரே அத்தை?"

"சொன்னான்மா."

"பத்து நாளைக்கு ரெண்டு மடங்குன்னா, கல்யாணத்தன்னிக்குத் தண்ணியே தெரியாதுல்ல?"

நான் சொல்லாமலே மூன்றாவது புள்ளியை அவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை உன்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

"வெள்ளிக்கெழமை விடியக்காலம் மொத பஸ்ல வாரேன் அத்தை. ஊருல கேட்டுப்புட்டு நான் எறங்குறேன், அந்தச் செடியில என் கையும் பட்டிருக்கு. அவருகிட்ட சொல்லுங்க. கல்யாணத்துக்கு வாரதப் பத்தி அப்பறம் பேசிக்கிறலாம். மொதல்ல ஊரணிக்கு வரட்டும்."

இவ்வளவுதான் விஷயம். மண்டபம் அப்படியே இருக்கிறது, பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது, உன் கோட்டு அளவும் சரியாக இருக்கிறது. மற்றது வெள்ளிக்கிழமை தெரியும். வியாழன் பஸ்ஸில் ஏறு. கோட்டை எடுத்து வராதே, பழைய வேட்டி ஒன்று கொண்டு வா. பேன்ட்டோடு உன்னை இறங்க விடமாட்டார்கள். அவள் இறங்கும் முன் நீ தண்ணீரில் இருந்தால், கரையில் துண்டோடு நான் நிற்பேன். 'அன்புள்ள' என்ற அந்தச் சொல்லை அப்போது சொல்கிறேன்.

அம்மா